ஏழு கசெற்றுகளில் ஒரு கூத்து: வீட்டு வீடியோவை இறுவட்டுக்குக் கொண்டுவந்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் 2003ஆம் ஆண்டு ஒரு வடமோடிக் கூத்து (விடிய விடிய ஆடிப்பாடும் மரபு நாடக வகை) அரங்கேறியது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதும் பாதைகள் திறந்தன. வெளிநாடுகளில் இருந்தவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வந்துபோனார்கள். இலண்டனிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் தம்முடைய மினிடிவி (சிறிய இலக்கமுறை வீடியோ நாடா) கமெராவைக் கூத்தாடும் களரியின் ஓரத்தில் வைத்து, கூத்துத் தொடங்கிய நேரத்திலிருந்து விடியற்காலை வாழி பாடும்வரை படம்பிடித்தார். ஒரு கசெற் 60 நிமிடம். மொத்தம் ஏழு கசெற்றுகள்.

அந்தக் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் சில ஆண்டுகளில் காலமானார். அவருடைய மூத்த மகள் ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்லடியில் கடற்கரைக்கு அண்மையில் வசிக்கிறார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அவர் வீட்டிலிருந்த புகைப்பட அல்பங்களும் அவருடைய திருமண வீடியோவும் போய்விட்டன. கூத்துக் கசெற்றுகள் தகப்பனாரின் படுவான்கரை வீட்டு அலுமாரியில் இருந்ததால் தப்பின. அதே அலுமாரியில் ரொறன்ரோவில் இருக்கும் தங்கையின் திருமணத்தைப் பதிந்த பழைய விஎச்எஸ் வீடியோ கசெற் ஒன்றும் இருந்தது.

தகப்பனாரின் ஆண்டுத் திதிக்கு முன் கூத்து முழுவதையும் டிவிடி இறுவட்டுகளாக்கி உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஆசிரியையின் விருப்பம். அவருடைய பேரன் என்னிடம் கணினி படிக்கும் உயர்தர வகுப்பு மாணவன். "சேர், எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது?" என்ற கேள்வியோடு அவன்தான் வந்தான். என்னைக் கேட்டால், அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. இந்த நிகழ்வை எழுதிவைப்பதன் காரணமும் அதுதான்.

முதலில் கண்டவை

நான் போவதற்கு முன்னரே குடும்பத்தினர் ஒரு கசெற்றை நகரிலுள்ள ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்து இறுவட்டாக்கியிருந்தார்கள். அந்த இறுவட்டு பேரனின் மடிக்கணினியில் ஓடியது. கிராமத்து வீட்டின் டிவிடி பிளேயரில் ஓடவில்லை. உள்ளே பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரேயொரு எம்பி4 கோப்பு அப்படியே இறுவட்டில் போடப்பட்டிருந்தது. அது தரவு இறுவட்டு. டிவிடி பிளேயர் எதிர்பார்ப்பது டிவிடி வீடியோ: எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம், 'வீடியோ_டிஎஸ்' என்ற கோப்புறை, அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி கோப்புகள். பென் டிரைவில் எதையும் போட்டு எங்கும் ஓடவிட்டுப் பழகிய தலைமுறைக்கு இந்த வேறுபாடு புலப்படாததில் வியப்பில்லை.

அந்த இறுவட்டில் இன்னொரு குறையும் இருந்தது. கூத்தர் சுழன்று ஆடும் இடங்களில் கையின் ஓரமும் உடுப்பின் ஓரமும் சீப்புப் பல்லாகக் கிடைக்கோடுகளாய்ப் பிரிந்து தெரிந்தன. மினிடிவி கமெரா ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு அரைப்படங்களாகப் பதிகிறது. ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். வினாடிக்கு 25 சட்டகம் என்றால் 50 அரைப்படங்கள். அவற்றைக் கவனமின்றி ஒரே படமாக ஒட்டினால் அசைவுள்ள இடமெல்லாம் பல் விழும். உட்கார்ந்து பேசும் நேர்காணலில் இது பெரிதாகத் தெரியாது. வடமோடியின் ஆட்டத்தில் கண்ணைக் குத்தும்.

அடுத்து கசெற்றுகளைப் பார்த்தோம். மினிடிவி ஏழும் பெட்டியோடு, இலக்கமிடப்பட்டு, நல்ல நிலையில் இருந்தன. விஎச்எஸ் கசெற்றின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சுருளின் விளிம்பில் வெண்தூள் படிந்திருந்தது. வாவிக்கரை ஈரத்தில் பிடித்த பூஞ்சணம். அதை அப்படியே ஓடவிட்டால் பிளேயரின் தலைப்பகுதி அழுக்காகி, அடுத்து ஓடும் கசெற்றுகளுக்கும் தொற்றும்; நாடாவும் கிழியலாம். அதைத் தனிப் பையில் இட்டு ஒதுக்கிவைத்தோம். பேரனுக்கு ஒருமுறையாவது போட்டுப் பார்க்க ஆசை. ஆசிரியை தடுத்துவிட்டார்.

பிறகு, மென்பொருளைத் தொடுவதற்கு முன், யார் யார் எதில் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். கிராமத்தில் மூன்று வீடுகள்: பழைய குழாய்த் தொலைக்காட்சியும் டிவிடி பிளேயரும். கல்லடி வீடு: தட்டைத் தொலைக்காட்சி, பிளேயர் உண்டு. பாரிசில் தம்பி மகன்: இறுவட்டு ஓட்டும் கருவியே இல்லை, தொலைக்காட்சியில் யூஎஸ்பி துளை உண்டு. இலண்டன் உறவினர்: பிளேயர் உண்டு. ரொறன்ரோத் தங்கை: எழுபதை நெருங்குபவர், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் டிவிடி பிளேயர் ஒன்றுதான் அவருக்குக் கைவந்தது.

இந்தத் தாள்தான் பின்னர் எல்லா முடிவுகளையும் தீர்மானித்தது. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் தொலைக்காட்சிப் படத்துக்குப் பால் (PAL) என்ற முறை: 720 x 576, வினாடிக்கு 25 சட்டகம். கனடாவில் என்ரிஎஸ்சி (NTSC) முறை: 720 x 480, வினாடிக்கு 29.97 சட்டகம். நம் பக்கத்திலும் ஐரோப்பாவிலும் விற்கும் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். வட அமெரிக்காவில் விற்றவற்றில் பல, பால் இறுவட்டை ஏற்பதில்லை. வட்டாரக் குறியீடு வேறு விடயம்; வீட்டில் எழுதும் இறுவட்டில் அந்தப் பூட்டு இல்லை.

சோதித்துப் பார்த்த வழிகள்

பேரன் முதலில் ஒரு கட்டண மென்பொருளின் சோதனைப் பதிப்பை இறக்கியிருந்தான். படத்தை உள்வாங்குவது, வெட்டுவது, மெனு செய்வது, இறுவட்டில் எழுதுவது எல்லாம் ஒரே இடத்தில். வீட்டில் முதன்முறையாக இந்த வேலையைத் தொடங்குபவருக்கு அந்த வகை கவர்ச்சியானது. கணினி வலுவாக இருந்து, படம் ஒரே வகையாகவும் இருந்தால் அது போதும் என்பதே என் எண்ணம். இங்கே மூன்று சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, பணம் கட்டும்வரை படத்தின்மேல் நிறுவனத்தின் முத்திரை விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்பட்டபின் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 300ஐத் தாண்டிவிட்டது. டொலரில் விலை சொல்லும் எந்த மென்பொருளும் ஒரு ஓய்வூதியருக்குச் சிறிய செலவு இல்லை.

இரண்டாவது, மெனுவில் தமிழ் எழுத்து உடைந்தது. 'கொலு வரவு' என்று தட்டச்சு செய்தால் கொம்பு ஓரிடத்திலும் ககரம் ஓரிடத்திலும் கால் இன்னோரிடத்திலுமாக நின்றன.

மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் ஆசிரியை. முதல் கசெற்றின் சோதனைப் பிரதியை ஓடவிட்டிருந்தோம். தொடக்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கசெற்றின் கடைசிப் பகுதி வந்ததும் முன்னே குனிந்து பார்த்தார். "மத்தளம் முந்துகிறது, கால் பிந்துகிறது. அப்பாவின் களரியில் இப்படி ஆட விட்டிருக்க மாட்டார்" என்றார். பேரனும் நானும் அதுவரை கவனிக்கவில்லை. மத்தள அடியும் சதங்கையும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் கால் வினாடிக்கு மேல் இடைவெளி இருந்தது.

மீடியாஇன்போ என்ற இலவசக் கருவியால் கோப்பைத் திறந்து பார்த்தோம். கமெரா ஒலியை 12 பிற், 32 கிலோஹேட்ஸ் முறையில் பதிந்திருந்தது. வீட்டுக் கமெராக்கள் பலவற்றில் அதுவே தொழிற்சாலை அமைப்பு. டிவிடிக்கு 48 கிலோஹேட்ஸ் வேண்டும். மேலும் வீட்டு மினிடிவியில் ஒலியின் கடிகாரம் படத்தின் கடிகாரத்தோடு பூட்டப்பட்டிருப்பதில்லை. ஒரு மணித்தியாலம் ஓடும்போது இரண்டும் சிறிது சிறிதாக விலகும். ஐந்து நிமிடப் பிறந்தநாள் வீடியோவில் இது யாருக்கும் தெரியாது. கூத்தில் தெரியும்.

ஒரு கடையில் அதே கட்டண மென்பொருளின் பூட்டுடைத்த பிரதியைச் சில நூறு ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது என்பது ஒரு காரணம். குடும்பத்திடம் வேறு பிரதியே இல்லாத படங்கள் இருக்கும் கணினியில், எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒன்றை நிறுவுவது எனக்கு ஒப்பவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

விண்டோசோடு வருவதையே பயன்படுத்தலாமா என்றும் பார்த்தோம். விஸ்டாவிலும் விண்டோஸ் 7இன் சில பதிப்புகளிலும் விண்டோஸ் டிவிடி மேக்கர் இருந்தது. விண்டோஸ் 8இலிருந்து இல்லை. மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் 2017 ஜனவரி 10ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10 தானாக எழுதுவது தரவு இறுவட்டையே. ஸ்ரூடியோ கொடுத்ததும் அதுதானே.

தேர்ந்ததும் ஏன் என்பதும்

வேலையை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய இலவச மென்பொருளை எடுத்தோம்.

கசெற்றிலிருந்து உள்வாங்க வின்டிவி. அது செய்யும் வேலை ஒன்றே: கமெராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கம்பி வழியாக வரும் தரவை அப்படியே கோப்பாக்குவது. எத்தனை சட்டகங்கள் தவறின என்ற எண்ணிக்கை திரையில் நிற்கும். பூச்சியம் என்றால் கசெற்றில் உள்ளது முழுவதும் வந்துவிட்டது. யூஎஸ்பியில் செருகும் மலிவான வீடியோ உள்வாங்கியைப் பலர் பரிந்துரைத்தார்கள். விஎச்எஸ்ஸுக்கு அது தேவைப்படலாம். மினிடிவியில் படம் ஏற்கனவே இலக்கமுறையில் இருக்கும்போது அதை மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பி வழியாக ஒப்புமைச் சமிக்ஞையாக்கி மீண்டும் இலக்கமாக்குவது வீண் இழப்பு.

வெட்டவும் சேர்க்கவும் ஷொட்கட். பேரன் டாவின்சி ரிசோல்வை விரும்பினான். திறமையான மென்பொருள், இலவசப் பதிப்பும் உண்டு. அவனுடைய மடிக்கணினியின் வரைகலை அட்டை அதைத் தாங்கவில்லை. எங்களுக்கு வேண்டியதோ தொடக்கத்தையும் முடிவையும் நறுக்குவது, ஏழு துண்டுகளை ஒட்டுவது, ஒலியைச் சீராக்குவது. அதற்கு நிறத்திருத்தக் கூடம் ஒன்று தேவையில்லை. ஷொட்கட்டில் அரைப்பட வரிசையைத் தெளிவாகக் குறிக்க முடிகிறது, டிவிடிக்கான எம்பெக்-2 ஏற்றுமதியும் இருக்கிறது; தேர்ந்ததற்கு அந்த இரண்டும் போதுமானவை. மினிடிவியில் கீழ் அரைப்படம் முதலில் வரும். அதை மாற்றிக் குறித்தால் ஆடுபவர் ஒரு அடி முன்னும் அரை அடி பின்னுமாக நடுங்குவார்.

மெனுவும் இறுவட்டு அமைப்பும் செய்ய டிவிடிஸ்டைலர். ஏற்கனவே எம்பெக்-2 ஆக்கிய படத்தை மீண்டும் சுருக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். தமிழ் எழுத்துச் சிக்கலுக்கு இடமே வைக்காமல், மெனுத் தலைப்புகளை வேறு மென்பொருளில் படமாகவே செய்து பின்னணியில் வைத்து, அதன்மேல் எழுத்தில்லாத பொத்தான்களை அடுக்கினோம். குழாய்த் தொலைக்காட்சி படத்தின் ஓரங்களை மறைக்கும் என்பதால் எழுத்தை நடுப்பகுதிக்குள் அடக்கினோம்.

இறுவட்டில் எழுத இம்ஜ்பேர்ண். அதன் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. பழையதென்று சிலர் தயங்குவார்கள். டிவிடியின் விதிகளும் அதற்குப் பிறகு மாறவில்லை. எழுதி முடித்ததும் இறுவட்டை மீண்டும் வாசித்து மூலத்தோடு ஒப்பிடும் வசதி அதில் இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே அதை எடுக்கலாம்.

ஒரு இறுவட்டில் எவ்வளவு அடக்குவது என்பதில் வீட்டில் சிறு வாக்குவாதம் நடந்தது. ஏழு மணித்தியாலத்தையும் இரண்டு இறுவட்டுகளில் அடக்கினால் அனுப்பும் செலவு குறையும் என்றார் ஒருவர். கணக்கு இப்படிப் போகிறது: ஒற்றை அடுக்கு டிவிடியின் 4.7 ஜிகாபைற் என்பது 3,760 கோடி பிற். இரண்டு மணித்தியாலத்துக்கு, அதாவது 7,200 வினாடிக்குப் பகிர்ந்தால் வினாடிக்கு 52 இலட்சம் பிற். மூன்றரை மணித்தியாலத்துக்குப் பகிர்ந்தால் ஏறத்தாழ 30 இலட்சம். அந்த அளவில், சுழலும் கூத்தரைச் சுற்றிச் சதுரக் கட்டங்கள் எழும். டிவிடி அனுமதிக்கும் படத்தின் உச்சம் 98 இலட்சம் என்றாலும் வீட்டில் எழுதிய இறுவட்டில் அந்த உச்சத்தைத் தொட்டால் பழைய பிளேயர்கள் திணறும். ஆறு இறுவட்டுகள், ஒவ்வொன்றிலும் 70 நிமிடமளவில், வினாடிக்கு 70 இலட்சம் பிற் என்று தீர்மானித்தோம். ஒலிக்கு ஏசி-3 என்ற சுருக்க முறை.

எதையும் வெட்டக்கூடாது என்பது ஆசிரியையின் நிபந்தனை. பேரன் 90 நிமிடச் சுருக்கம் போதும் என்றான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கியதை எடுத்துக்காட்டாகச் சொன்னான். "அது மேடைக்கு. இது எங்கள் வீட்டுக்கு" என்று ஆசிரியை முடித்துவிட்டார். அவர் பக்கமே நியாயம் என்று எனக்குத் தோன்றியது. சுருக்கத்தை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

வேலை நடந்த விதம்

மினிடிவி ஓட்டும் கமெரா கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. இலண்டன் உறவினரின் கமெரா பழுதாகியிருந்தது. கல்முனையில் திருமண வீடியோ எடுக்கும் ஒருவர் அலுமாரியில் வைத்திருந்த கமெராவை இரவல் தந்தார். ஃபயர்வயர் துளையுள்ள பழைய விண்டோஸ் 7 கணினி என்னிடம் இருந்தது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால் இணையத்திலிருந்து அதைக் கழற்றிவிட்டே வேலை செய்தோம்.

நீண்ட காலம் அசையாமல் இருந்த நாடா என்பதால் ஒவ்வொரு கசெற்றையும் முதலில் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினோம். பிறகே உள்வாங்கினோம். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைற் வீதம் மொத்தம் 90 ஜிகாபைற் அளவில் வந்தது. நான்காவது கசெற்றில் ஓரிடத்தில் சதுரங்கள் சிதறின. கமெராவின் தலைப்பகுதியைத் துப்புரவு கசெற்றால் சுத்தம் செய்து மறுபடி ஓட்டியபோது அவை பெரும்பாலும் மறைந்தன.

ஒலி விலகலுக்கு ஒவ்வொரு கசெற்றையும் தனித்தனியாகவே நேர்செய்தோம். ஒலியைப் பிரித்தெடுத்து, 48 கிலோஹேட்ஸாக்கி, ஓடசிற்றி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அதன் நீளத்தைப் படத்தின் நீளத்துக்குச் சரியாக்கி மீண்டும் இணைத்தோம். சரிபார்த்தவர் ஆசிரியை. திரையில் கோடுகளைப் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட அவருடைய காது விரைவாகச் சொன்னது. ஒவ்வொரு கசெற்றின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் ஆட்டமுள்ள ஒரு துண்டைப் போட்டுக் காட்டுவோம், தலையசைத்தால் அடுத்தது.

கசெற் மாற்றிய ஆறு இடங்களில் பாட்டு நடுவில் அறுந்திருந்தது. அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி ஆசிரியையிடம் இருந்தது, ஓரங்கள் பழுப்பேறி, சில பக்கங்களில் தகப்பனாரின் பென்சில் குறிப்புகளோடு. விடுபட்ட அடிகளை அதிலிருந்து எடுத்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் சில வினாடிகள் நிறுத்தினோம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் உறவுப் பெண் ஒருவர் வந்து, எந்த வரவு (ஒரு பாத்திரம் களரிக்கு வரும் பகுதி) எங்கே தொடங்குகிறது என்று குறித்துக் கொடுத்தார். அந்தக் குறிப்பின்படியே ஆறு இறுவட்டுகளையும் பிரித்தோம், அத்தியாயங்களையும் வைத்தோம். மணித்தியாலக் கணக்கில் வெட்டியிருந்தால் ஒரு வரவின் பாதி ஒரு இறுவட்டிலும் மீதி அடுத்ததிலும் போயிருக்கும்.

இறுவட்டைப் போட்டதும் மெனுவில் நிற்காமல் கூத்து நேராகத் தொடங்கும்படி அமைத்தோம். தொலைவியக்கியில் எந்தப் பொத்தானை அழுத்துவதென்று முதியவர்கள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வேண்டியவர் மெனுவுக்குப் போகலாம்.

எழுதும் கட்டத்தில் மின்சாரத்தை நம்பவில்லை. டிவிடி-ஆர் ஒருமுறை எழுதுவது. நடுவில் மின்சாரம் நின்றால் அந்த இறுவட்டு குப்பைதான். ரைட்டரை மடிக்கணினியில் செருகி, மின்கலம் நிறைந்திருக்கும்போது மட்டுமே எழுதினோம். முதலில் வாங்கிய மலிவான இறுவட்டுக் கட்டில் சில, ஒப்பிடும் சோதனையில் தோற்றன. கட்டை அப்படியே ஒதுக்கிவிட்டு வேறு தயாரிப்பு வாங்கினோம். எழுதும் வேகம் 8 மடங்கு. மேலே காகித லேபல் ஒட்டவில்லை. சுழலும்போது சமநிலை கெடும், ஈரத்தில் உரியும். இறுவட்டு எழுதும் பேனாவால் நடுவளையத்தில் இலக்கம் மட்டும் எழுதினோம்.

பின்விளைவு

ஆறு இறுவட்டுகளையும் முதலில் கிராமத்தின் மூன்று வீடுகளிலும் போட்டுப் பார்த்தோம். இரண்டில் தடையின்றி ஓடின. மூன்றாவதில், மிகப் பழைய பிளேயர், இரண்டாம் இறுவட்டு கடைசி நிமிடங்களில் நின்றது. டிவிடி உள்ளிருந்து வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுகிறது. வெளிவிளிம்பில்தான் தவறுகள் கூடுதலாகச் சேரும். அதே இறுவட்டை 4 மடங்கு வேகத்தில் மறுபடி எழுதிக் கொடுத்தபோது முழுவதும் ஓடியது. அன்று அந்த வீட்டில் கூத்தில் ஆடியவர்களுள் இருவர் இருந்தார்கள். சதுரமும் பல்லும் இல்லாமல் தங்கள் ஆட்டத்தைப் பார்த்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சி. ஒருவர் மட்டும் தாம் ஓரிடத்தில் அடி தவறியதைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

ரொறன்ரோவுக்கு இறுவட்டை அனுப்புவதற்கு முன், ஐந்து நிமிடப் பால் சோதனைக் கோப்பை இணையத்தில் அனுப்பி, அங்கிருக்கும் மருமகனைக் கொண்டு இறுவட்டில் எழுதிப் பார்க்கச் செய்தோம். தங்கையின் பிளேயர் அதை ஏற்கவில்லை. எல்லாவற்றையும் என்ரிஎஸ்சிக்கு மாற்றுவதா என்று பார்த்தபோது, 25 சட்டகத்தை 29.97 ஆக நீட்டியதில் சுழலும் ஆட்டம் விட்டுவிட்டு நகர்ந்தது. எனவே இரண்டாகப் பிரித்தோம். தங்கையின் பிளேயருக்கு 90 நிமிடத்தில் ஒரு என்ரிஎஸ்சி இறுவட்டு. எதை வைப்பதென்று ஆசிரியையே தேர்ந்தார்: முக்கிய வரவுகள், போர்க்களம், இறுதி வாழி. கூத்து முழுவதும் ஒரு பென் டிரைவில்.

பாரிசுக்கும் அதே பென் டிரைவ்தான். தட்டைத் தொலைக்காட்சிக்கு அரைப்படம் வேண்டாம் என்பதால், இரண்டு அரைப்படங்களையும் தனித்தனிச் சட்டகங்களாக்கி வினாடிக்கு 50 சட்டகம் கொண்ட, எச்.264 முறையில் சுருக்கிய கோப்புகள் செய்தோம். 25 ஆக்கியிருந்தால் ஆட்டத்தின் வழுவழுப்பில் பாதி போயிருக்கும். வினாடிக்கு 60 இலட்சம் பிற் வீதம் 70 நிமிடத்துக்கு 3.15 ஜிகாபைற், பென் டிரைவில் கோப்புகளை அடுக்குவதற்கான, பழைய தொலைக்காட்சிகளும் படிக்கும் ஃபற்32 முறையின் 4 ஜிகாபைற் கோப்பு எல்லைக்குள் அடங்கியது.

தங்கை இறுவட்டைப் பார்த்த அன்று இரவே தொலைபேசியில் அழைத்தார். பென் டிரைவை மருமகன் தொலைக்காட்சியில் செருகிக் கொடுத்ததும், அன்றிலிருந்து அதையே பார்க்கிறாராம். இலண்டன் உறவினர் இறுவட்டுகள் கிடைத்த பிறகு தம் வீட்டில் தேடி, சதங்கை அணி விழாவைப் பதிந்த இன்னொரு கசெற் இருப்பதாக அறிவித்தார். அது இன்னும் வந்து சேரவில்லை.

மூலக் கோப்புகள், அதாவது கசெற்றிலிருந்து வந்த 90 ஜிகாபைற்றும், இரண்டு வெளி வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒன்று கல்லடியில். மற்றது படுவான்கரையில், கசெற்றுகள் இருந்த அதே வீட்டில். கடலுக்கு அருகே இரண்டையும் வைக்கக்கூடாது என்று ஆசிரியை முதல் நாளிலேயே சொல்லியிருந்தார். இறுவட்டு கீறலாம், ஈரம் படலாம், ஓட்டும் கருவியே இல்லாமல் போகலாம். மூலக் கோப்பு இருந்தால் அன்றைக்கு எது வழக்கில் இருக்கிறதோ அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த முறை மாறுபவை

இலண்டன் கசெற்றுக்கு இந்த ஒழுங்கையே பின்பற்றுவோம், சில மாற்றங்களோடு. யார் எதில் பார்ப்பார்கள் என்ற தாளோடு சேர்த்து, ஐந்து நிமிடச் சோதனை இறுவட்டையும் முதல் வாரத்திலேயே எல்லா வீடுகளிலும் போட்டுப் பார்ப்போம். ரொறன்ரோ பிளேயரின் மறுப்பு வேலை முடியும் தறுவாயில் தெரியவந்ததால் திதிக்கு முன் அங்கே இறுவட்டு போய்ச்சேரவில்லை. அந்தச் சோதனைத் துண்டு அமைதியான காட்சியாக இருக்கக் கூடாது. வேகமான ஆட்டமும் மத்தளமும் சேர்ந்த, கசெற்றின் கடைசிப் பகுதியாக இருக்க வேண்டும். அரைப்பட வரிசை, ஒலி விலகல், பிற் அளவு மூன்றும் ஒரே துண்டில் தெரிந்துவிடும்.

இறுவட்டுகளை முதலில் ஒரு சிறு கட்டாக வாங்கி, சோதனையில் தேறினால் மட்டுமே மேலும் வாங்குவோம். மிகப் பழைய பிளேயர் உள்ள வீட்டுக்கு ஆரம்பத்திலேயே 4 மடங்கு வேகம்.

இறுவட்டு எத்தனை வேண்டும் என்பதும் மாறும். பார்த்துத் தெரிந்துகொண்டபடி, இறுவட்டை உண்மையில் பயன்படுத்துபவை கிராமத்து வீடுகளும் இலண்டன் வீடும்தான். மற்றவர்களுக்குப் பென் டிரைவ் போதும்.

விஎச்எஸ் கசெற் இன்னும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்த நாடாவைச் சுத்தம் செய்து ஓட்டும் அனுபவமுள்ள ஒருவரைக் கொழும்பில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அவர் தரப்போவது இறுவட்டாக இல்லாமல், சுருக்கம் குறைந்த மூலக் கோப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.